பஞ்சு தீர்ந்த நாள்

ஜமீலுன்னிசாவுக்கு எப்போதும் களைப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பு. "எப்படி கீறே ஜமீலா?" என்று யார் கேட்டாலும் "களைப்பா கீதுக்கா" என்றுதான் சொல்லுவாள். கேட்டவர்களும் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. சிலருக்குத் தும்மல் போல அவளுக்கு அந்த வார்த்தை.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் பாங்கு காதில் விழுகிற தூரத்தில் ஒரு சந்து. அதில் ஒரு முன்னறை, அடுப்புக்கு ஒரு மறைப்பு, பின்னால் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. இவ்வளவுதான் வீடு. அதிலும் மனிதர்களுக்கு இருந்த இடத்தைவிடப் பஞ்சுக்கு இருந்த இடம் அதிகம். அவள் புருஷன் அப்துல் கய்யூம் மெத்தை தைப்பவன். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்திருந்த வருஷங்கள் அவை. அங்கே நாளுக்கு ஒரு வீடு எழும்பியது. எழும்பிய வீடுகளுக்கெல்லாம் மெத்தையும் தலையணையும் வேண்டியிருந்தன. பஞ்சு கொட்டும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, நரம்பை 'டொய்ங்' என்று தட்டிக்கொண்டே அவன் அந்தப் பக்கம் போவான். பழைய மெத்தைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்புவான். அதற்கப்புறம் எல்லாம் ஜமீலுன்னிசாவின் பாடு.

தையலைப் பிரிக்க வேண்டும். யார் யாரோ வருஷக்கணக்காகப் படுத்துப் புரண்டு, வியர்த்து, எண்ணெய்த் தலையை வைத்துக் கல்லாக்கிவிட்ட பஞ்சை உருவி வெளியே போட வேண்டும். வெயிலில் காயவைத்து, கழியால் அடித்து நெகிழ்த்தினால்தான் வில்லுக்கு வசப்படும். அப்புறம் அடைக்க வேண்டும், தைக்க வேண்டும். அவள் புருவத்தில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, பிள்ளைக்குப் பிசையும் சோற்றில் பஞ்சு. இத்தனைக்கும் அந்த வீட்டில் மெத்தை கிடையாது. எல்லோரும் பாயில்தான் படுத்தார்கள். அடுத்தவர் மெத்தையில் நம் உடம்பு படக்கூடாது, படுத்துக் கொடுத்த மெத்தை திருட்டு மெத்தை என்பது அப்துல் கய்யூமின் அப்பா காலத்திலிருந்து வந்த கட்டளை. தைத்து முடித்த மெத்தையில் பிள்ளைகள் கை வைத்தால்கூட அவன் குரல் மாறிவிடும். அது ஒன்றைத் தவிர மற்றபடி சாதுவான மனுஷன்.

ஜமீலுன்னிசாவைப் பற்றிச் சந்தில் ஒரே பேச்சுதான். பொறுமைசாலி. பெற்ற பிள்ளைகளில் இரண்டை மண்ணுக்குக் கொடுத்தபோதும் வாய்விட்டுக் கத்தாதவள். ராயப்பேட்டையில் அவள் சிறுமியாக இருந்தபோது அப்படி இல்லை என்பது சந்துக்குத் தெரியாது. ஒரு தடவை அண்ணன் மேல் பித்தளை மூடியை விட்டெறிந்தாள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாடி கோபம்?" என்று கேட்ட தாயார், அதற்கப்புறம் பல நாள் அவளோடு பேசவில்லை. வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாத வீட்டில் ஒரு குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்? அவள் பிறகு எதையும் எறியவில்லை. களைப்பு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அவள் பெற்ற வஜீஹாவுக்குக் கோபம் வரும். சாதாரணமாக வராது, சாமான்களோடு வரும். ஏழு வயசுப் பெண் கொட்டகைத் தூணில் தலையை முட்டிக்கொள்வாள். முதுகில் ஒன்று வைத்தால் இன்னும் பலமாக முட்டுவாள். கட்டிப் பிடித்தால் கடிப்பாள். நெற்றியில் புடைத்திருந்த அந்த வீக்கம் ஒருநாளும் முழுசாக வற்றியதில்லை. ஒரு நாள் அப்துல் கய்யூம் வெளியிலிருந்து வந்தவன், தூணுக்கும் மகளுக்கும் நடுவில் கையைக் கொடுத்துத் தடுத்தான். பஞ்சு அடிக்கும் கழியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"தலையை இன்னாத்துக்கு ஒடச்சிக்கிறே கண்ணு? அதோ பாரு பஞ்சு. உன் கோபத்தை அது மேல காட்டு. அதுக்கு வலிக்காது."

வஜீஹா அடித்தாள். கொட்டகை முழுக்கப் பஞ்சு பறந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது, கை ஓய்ந்தது. கழியைப் போட்டுவிட்டு வந்து சோறு கேட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பெண் முகம் கடுத்தால் "கழி எங்கே?" என்று கேட்பார்கள். தூண் தப்பித்தது, நெற்றி வற்றியது. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வரும் வேலம்மா இதைப் பார்த்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க வூட்ல ஒண்ணு கீது, அதையும் அனுப்பறேன். சோறு போட வாணாம், பஞ்சு மட்டும் போடு." சிரித்து முடித்து, கூடையைத் தலைக்கு ஏற்றும்போது கேட்டாள்: "ஏம்மே, பஞ்சு தீந்து போனா இன்னா பண்ணும் உன் பொண்ணு?"

"இந்த வூட்ல பஞ்சு தீர்றதா?" என்றாள் ஜமீலுன்னிசா. அவளும் சிரித்தாள்.

இனிமேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அவள் கதையில் அதை விட்டுவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

தியாகராய நகரில் வக்கீல் பத்ரிநாராயணன் வீட்டில் மூத்த பெண் ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம் வந்தது. சம்பந்தி வீட்டாருக்கென்று வீட்டிலிருந்த பழைய மெத்தை, தலையணை, திண்டு எல்லாவற்றையும் வண்டி வண்டியாக அனுப்பினார்கள். கொட்டகை நிரம்பி, முன்னறை நிரம்பி, படுக்க இடமில்லாமல் போயிற்று. அப்துல் கய்யூமுக்கு மார்கழிப் பனியில் பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமல். இடுப்பில் கைக்குழந்தை கலீமுல்லா, வயசு ஒன்று தாண்டியிருந்தது. ஜமீலுன்னிசா கழியைத் தூக்கினால் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மலையாகக் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். மூலையில் வஜீஹா சந்தோஷமாகத் தனக்குத் தானே பாடிக்கொண்டு, அத்தா அப்துல் கய்யூம் வாங்கிக் கொடுத்த தேங்காய் மிட்டாயில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தீப்பெட்டியில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

பெண் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஜமீலுன்னிசா தீப்பெட்டியைத் திறந்தாள். மிட்டாயை எடுத்து மாடத்தில் வைத்தாள். திரும்பி வந்த மகளிடம், பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் மிட்டாயைத் தம்பி துன்னுட்டான்."

எதிர்பார்த்தது நடந்தது. பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை வஜீஹா பஞ்சு அடித்தாள். ஒரு மெத்தைக்கான பஞ்சு நெகிழ்ந்து வந்தது. ஜமீலுன்னிசா அந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் "இன்னொண்ணு இருந்திச்சு" என்று சொல்லி மிட்டாயைக் கொடுத்துவிட்டாள். ஒரு தடவைதானே என்று நினைத்தாள். ஆனால் மறுநாளும் பஞ்சு இருந்தது. ஒரு நாள் துணிப்பொம்மை காணாமல் போய், சாயங்காலம் கிடைத்தது. ஒரு நாள் "உன்னைவிடத் தம்பிதான் அத்தாவுக்கு உசிரு" என்று ஒரு சொல். ஒரு குழந்தைக்கு எங்கே குத்தினால் எரியும் என்பது பெற்றவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அந்தக் கல்யாண மெத்தைகள் சொன்ன நாளுக்கு முன்பே தயாராகிவிட்டன. அப்துல் கய்யூம் இருமிக்கொண்டே மகளைத் தட்டிக் கொடுத்தான்.

கல்யாணப் பெண்ணின் மெத்தை ஒன்று மட்டும் பாக்கி. அதற்குப் புதுப் பஞ்சு, புதுத் துணி, அது பிறகு வரும் என்றார்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரு காலையில் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டகையைப் பெருக்கினாள் ஜமீலுன்னிசா. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தத் தரையை அவள் முழுசாகப் பார்த்ததில்லை. காலியாக, சுத்தமாக இருந்தது. இன்றைக்காவது மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்தாள்.

அவள் அடுப்படியில் இருந்தபோதுதான் கலீமுல்லா அக்காளின் துணிப்பொம்மையைப் பிடித்து இழுத்து அதன் கையைப் பிய்த்தான். வஜீஹா கத்திய சத்தம் கேட்டது. அது பழகிய சத்தம், அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் குழந்தை வீறிட்டது. அது பழகாத சத்தம். ஓடி வந்து பார்த்தபோது குழந்தையின் முகத்தில் பாதி ரத்தமாக இருந்தது. வஜீஹா கழியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். விரல்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். ஜட்காவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டில், வஜீஹா நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கழி மடியில் இருந்தது. ஜமீலுன்னிசா அதைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தாள்.

"பாவி, தம்பியைப் போயா அடிச்சே? கொயந்தைடி அவன்!"

வஜீஹா அழவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒன்று புரியவில்லை, அதைத்தான் கேட்டாள். "பஞ்சு இல்லம்மா. எல்லாத்தையும் வண்டில ஏத்திக்கினு பூட்டாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. நான் இன்னா பண்றது?"

ஜமீலுன்னிசா முறிந்த கழியை அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

செய்தி ஆற்காட்டுக்குப் போய், அப்துல் கய்யூமின் அக்காள் அஸ்மத்துன்னிசா ரயிலேறி வந்துவிட்டாள். பிள்ளைகளுக்குக் குப்பி, ஜமீலுன்னிசாவுக்கு நாத்தனார். தம்பியைத் தாய் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்தவள், அவள் சொல்லுக்கு அவன் மறுசொல் சொன்னதில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னிக்குத் தம்பி மண்டை, நாளைக்குப் புருஷன் மண்டை. இதை எவன் கட்டிக்குவான்? சனிக்கிழமை நான் கூட்டிக்கினு போறேன். என் வூட்ல ஒரு வருஷம் இருந்தா கோபம்னா இன்னான்னே மறந்துடும். ஷகீலாவை வளக்கலியா நானு?"

ஷகீலா அவள் மகள். ஒரு கல்யாணத்தில் ஜமீலுன்னிசா அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், தாயார் முகத்தைத் திரும்பிப் பார்த்தது அந்தப் பெண். பசிக்கிறதா இல்லையா என்பதையே தாயார் முகத்தில்தான் படிக்க வேண்டியிருந்தது. ஆற்காட்டு வீட்டில் பின்பக்கம் ஆட்டுக்கொட்டில் ஒன்று உண்டு, கோபித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கோபம் தீரும்வரை அதில் விட்டுத் தாழ்போட்டுவிடுவாள் என்று அப்துல் கய்யூமே ஒரு காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அவனும் அதில் இருந்தவன்தான். இப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொன்னா சரிக்கா" என்றான்.

இருவரும் ஜமீலுன்னிசாவைப் பார்த்தார்கள். அவள் பேசவில்லை. வாயைத் திறந்தால், மிட்டாயை ஒளித்ததில் தொடங்கிச் சொல்ல வேண்டும். பொறுமைசாலி அல்லவா, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் புதுப் பஞ்சும் புதுத் துணியும் வந்தன. கல்யாணப் பெண்ணின் மெத்தையைத் தைக்க உட்கார்ந்தாள். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. மகளைப் பார்க்காமல் தைத்தாள். வஜீஹாவும் மாறியிருந்தாள். கோபம் வருவது நிற்கவில்லை, போக இடமில்லாமல் ஆகிவிட்டது. தூணும் கூடாது, கழியும் கூடாது, தம்பியும் கூடாது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கையை இறுக்கி மூடிக்கொண்டு, சுவர் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பாள். எப்போதாவது பல் கடிபடும் சத்தம் கேட்கும். குப்பி அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, இப்பவே அடங்கிடுச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை. அப்துல் கய்யூம் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். குப்பி கலீமுல்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் பேசப் போயிருந்தாள். மெத்தை தைத்து முடிந்து, கொட்டகை நடுவில் வெள்ளை விரிப்பின் மேல் கிடந்தது. நல்ல கனமான மெத்தை, நீலக்கோடு போட்ட துணி. சாயங்காலம் வண்டி வந்து எடுத்துப் போகும். ஜமீலுன்னிசா அறுத்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வஜீஹா தன் துணிமூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். குப்பி கட்டிக் கொடுத்த மூட்டை. அதைக் கீழே வைத்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வருதும்மா," என்றாள். "பெரிசா வருது. நான் இன்னா பண்றது?"

ஜமீலுன்னிசாவுக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே தெரியும்? அடி என்று சொன்னதன் லட்சணத்தைப் பார்த்தாகிவிட்டது. அடக்கு என்று சொன்னால் ஷகீலா. பொறுக்கிய நூல்களைக் கீழே போட்டாள். அவ்வளவு வருஷத்துக் களைப்பும் ஒரே நேரத்தில் அவள் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். சாய்ந்த இடம் மெத்தை. ஜெயலக்ஷ்மியின் மெத்தை. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

"வா," என்றாள். "இங்க வந்து படு."

"அத்தா திட்டுவாங்க."

"திட்டட்டும். வா."

வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் மெத்தையில் படுத்தார்கள். வஜீஹாவின் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. ஜமீலுன்னிசா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, கட்டினால் கடிப்பாள் என்று தெரியும். பக்கத்தில் சும்மா கிடந்தாள். கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே, வேறு கேட்கத் தெரியாமல், வயிற்றுவலிக்காரப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க கீது?"

வஜீஹா யோசித்தாள். "கையில."

"ம்."

"தோள்லகூட கீது. சுடுது."

"ம். கெடக்கட்டும்."

தெருவில் ஒரு வளையல்காரன் கூவிக்கொண்டு போனான். "இப்ப வயித்துக்கு வந்துடுச்சு," என்றாள் வஜீஹா. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தொண்டையில கீது" என்றாள். தொண்டைக்கு வந்தது அழுகையாக வெளியே வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். "குப்பி வூட்டுக்கு நான் போகலம்மா. அங்க ஆட்டுக்கொட்டில் கீதாம். நான் அடிக்க மாட்டம்மா. வரும்போது உன்கிட்ட வந்து சொல்றேம்மா." அழுது ஓய்ந்தபோது விரல்கள் தாமாக விரிந்திருந்தன. உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

ஜமீலுன்னிசாவின் பல் கடிபட்டுக்கொண்டிருந்தது.

வஜீஹா முழங்கையை ஊன்றி எழுந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கும் வருதாம்மா?"

"எனக்கு இன்னா வருது? களைப்பா கீது, அவ்ளோதான்."

"இல்ல," என்றாள் மகள். முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உனக்குக் கோபம் வந்தா களைப்பா கீதுன்னு சொல்லுவே. குப்பி வந்தப்பவும் அதான் சொன்னே. எங்க கீது உனக்கு?"

பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்துல் கய்யூமும் அக்காளும் சேர்ந்தே வந்தார்கள். தாயும் மகளும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆனால் மெத்தை பொய் சொல்லாது. புதுப் பஞ்சில் பெரிய பள்ளம் ஒன்று, பக்கத்தில் சின்னப் பள்ளம் ஒன்று, ஈரம் பட்ட இடம் கருநீலமாகத் தெரிந்தது.

அப்துல் கய்யூம் தொப்பியைக் கழற்றாமலே நின்றான். "யார் படுத்தது இதுல?" அவன் குரல் மாறியிருந்தது.

"யாரு, இதுதான்," என்றாள் குப்பி வஜீஹாவைக் காட்டி. "போற நாள்லகூட அடங்கலை பாரு."

"நான் படுத்தேன்," என்றாள் ஜமீலுன்னிசா. "நாந்தான் அவளையும் படுக்க வெச்சேன்."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். நல்ல மனுஷன், அவள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி விட்டான். "களைப்பா இருந்திச்சா?"

எத்தனையோ வருஷமாகக் கைக்கு வசதியாக இருந்த வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. சனிக்கிழமை ரயிலும் நேரத்துக்குப் போய்விடும்.

"இல்ல," என்றாள். "கோபம். எனக்குக் கோபமா கீது."

குப்பி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். ஜமீலுன்னிசாவின் குரல் உயரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் மேல் மூடியை எறிந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் அந்தச் சொல்லை வாயால் சொல்லுகிறாள். சொன்னதும் கூரை இடிந்து விழவில்லை.

"உங்க மேல கோபம், அக்கா மேல கோபம். எல்லாத்துக்கும் மேல என் மேல. கேளுங்க. அந்தக் கல்யாணப் பஞ்சை எல்லாம் இவ எப்படி அடிச்சான்னு நெனச்சீங்க? நாந்தான் கெளறி வுட்டேன். மிட்டாயை ஒளிச்சு வெச்சேன். பொம்மையை ஒளிச்சு வெச்சேன். பேசக் கூடாததெல்லாம் பேசினேன். என்னால முடியலைன்னு கொயந்தை கோபத்தை வேலைக்கு வெச்சேன். நீங்க கழியைக் குடுத்தீங்க, நான் வளத்தேன். அது தம்பி மேல வியுந்துச்சு. அதுக்கு இவ போவணுமா ஆற்காட்டுக்கு?"

அப்துல் கய்யூம் மெத்தை ஓரத்தில் குந்தினான். கைபடக் கூடாத மெத்தை என்பது அவனுக்கே மறந்துவிட்டது. வெகுநேரம் இருமினான். இருமல் நின்ற பிறகு, அக்காளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, அந்தக் கொட்டில்ல மழை பேஞ்சா ஒழுவும். உனக்குத் தெரியுமா?"

மறுநாள் அஸ்மத்துன்னிசா தனியாகத்தான் ரயிலேறினாள். போகும்போது கோபமாகத்தான் போனாள், ஆனால் கலீமுல்லாவின் புருவத்தில் ஊதி, துவா ஓதிவிட்டுப் போனாள். அவளும் பாவம். கொட்டிலைத் தவிர அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மெத்தையைப் பிரித்து, பஞ்சைத் தட்டி, ஈரம் பட்ட துணியை மாற்றித் திரும்பத் தைத்து, ஒரு நாள் தாமதமாக அனுப்பினார்கள். வக்கீல் வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். அதற்கப்புறம் கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு பாய் எப்போதும் விரித்தே கிடந்தது. கோபம் வந்தவர் அங்கே போய்ப் படுக்கலாம், யாராவது ஒருவர் பக்கத்தில் போய்ச் சும்மா கிடப்பார்கள். வஜீஹா ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். தூணில் முட்டிய நாட்களும் பிறகு இருந்தன, குறைவாக. ஜமீலுன்னிசா அறுபது தாண்டியும் மெத்தை தைத்தாள். அவளைப் பொறுமைசாலி என்று யாரும் பிறகு சொல்லவில்லை. "ஜமீலாவா? வாய்க்காரியாச்சே" என்றார்கள். அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஆனால் குப்பி ரயிலேறிய அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கொட்டகையில் புதிதாக ஒரு பழைய மெத்தை வந்து, பிரித்துப் போட்ட பஞ்சு கிடந்தது. ஜமீலுன்னிசா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதைப் பெண்ணிடம் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கண்ணு, அந்த மிட்டாயைத் தம்பி துன்னலை. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

"தெரியும்," என்றாள் வஜீஹா, ஒரு பஞ்சு உருண்டையைப் பிய்த்துக்கொண்டே. "அப்பவே தம்பி வாயை மோந்து பாத்தேன். வாசனையே இல்ல. அப்பால மாடத்துல பாத்தேன்."

ஜமீலுன்னிசா அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "தெரிஞ்சுமா அவ்ளோ கோபப்பட்டே?"

"அன்னிக்கு வந்துச்சு. அடுத்த வாட்டியெல்லாம் வரலம்மா. பொம்மையை நீ எங்க வெச்சேன்னுகூடத் தெரியும். வந்த மாதிரி சும்மா அடிச்சேன்." பிய்த்த பஞ்சை மடியில் வைத்து நீவிவிட்டாள். "நான் பஞ்சு அடிச்சா நீ சாஞ்சு கொஞ்சம் தூங்குவே இல்ல? அதான்."

ஜமீலுன்னிசா மகளைப் பார்த்தாள். அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தாள், உள்ளங்கையில் கழி பிடித்துக் காய்த்த இடம் இன்னும் தடிப்பாக இருந்தது. எழுந்துபோய் மூலையில் கிடந்த அந்தப் பாயை உதறி விரித்தாள். மகளைத் தூக்கிக்கொண்டுபோய் அதில் படுக்க வைத்தாள்.

"கோபம் வரலம்மா எனக்கு," என்றாள் வஜீஹா.

"வர வாணாம். நீ தூங்கு," என்றாள் ஜமீலுன்னிசா. பிறகு புதுக் கழியை எடுத்துக்கொண்டு, மகள் தூக்கம் கலையாதபடி வெளிமுற்றத்துக்குப் பஞ்சை அள்ளிக்கொண்டு போய், தானே அடிக்க ஆரம்பித்தாள்.